சமையலறையைப் புதுப்பிக்கும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்: கதவின் நிறத்தைக் கடைசியில் பாருங்கள்

சமையலறையைப் புதுப்பிக்கலாம் என்று முடிவெடுத்ததும் பலர் முதலில் தேடுவது கேபினட் கதவின் நிறத்தைத்தான். வெள்ளையா, சாம்பலா, பளபளப்பா, மேட்டா என்று வாரக்கணக்கில் யோசிப்பார்கள். மேடை எவ்வளவு உயரம், டிராயர் எத்தனை, பிளக் பாயிண்ட் எங்கே என்று தச்சர் கேட்டால் மட்டும் நின்ற இடத்திலேயே பதில் சொல்லிவிடுவார்கள். எந்த நிறமும் கொஞ்ச நாளில் கண்ணுக்குப் பழகிவிடும். தாழ்வான மேடையில் தினமும் குனிவதால் வரும் இடுப்பு வலி அப்படிப் பழகாது.

வரைபடத்துக்கு முன்னால் செய்ய வேண்டிய வேலை ஒன்று இருக்கிறது. இப்போதிருக்கும் அலமாரிகளில் உள்ள எல்லாவற்றையும் வெளியே எடுத்து வைத்துப் பாருங்கள். ஒரு வருடமாகத் தொடாதவை எவை? மிக உயரமான பாத்திரம் எது? தினமும் எடுக்கிற கனமான பாத்திரங்கள் எத்தனை? இதைப் பார்க்காமல் போடும் திட்டத்தில் கேபினட் எண்ணிக்கை கூடும், வைக்க இடம் மட்டும் கூடாது.

இதோடு சேர்ந்த இன்னொரு தவறு, கீழ்ப்பகுதி முழுவதும் கதவு வைத்த கேபினட் போடுவது. கீழ் கேபினட்டின் ஆழம் ஏறத்தாழ 60 செ.மீ. அதில் நிலையான தட்டு போட்டுக் கதவு மாட்டினால், பின்பாதியில் உள்ள பொருளை எடுக்க மண்டியிட்டு, முன்னால் இருப்பதையெல்லாம் வெளியே வைக்க வேண்டும். நாளடைவில் அந்தப் பின்பாதியையே மறந்துவிடுவோம். முழுவதும் வெளியே வரும் டிராயர் என்றால் கடைசிப் பொருளும் மேலிருந்தே தெரியும். டிராயருக்குச் செலவு அதிகம்தான். எட்டாத உயரத்தில் போடும் மேல் கேபினட்களில் இரண்டைக் குறைத்தாவது கீழே டிராயர் போடுங்கள் என்றே சொல்வேன்.

சுவர் நேராக இருக்கும் என்று நம்புவது

அளவெடுப்பதில்தான் அதிகம் கோட்டை விடுகிறோம். சுவர்கள் பார்ப்பதற்கு நேராக இருக்கும், டேப் வைத்தால் வேறு கதை சொல்லும். அகலத்தைத் தரையருகே, மேடை உயரத்தில், மேல் கேபினட் உயரத்தில் என்று மூன்று இடங்களில் அளந்து, மிகக் குறைந்ததையே கணக்கில் கொள்ள வேண்டும். மூலை சரியான செங்கோணமா என்று பார்ப்பதும் சுலபம். மூலையிலிருந்து ஒரு சுவரில் 90 செ.மீ., இன்னொன்றில் 120 செ.மீ. தள்ளிக் குறி போடுங்கள். இரண்டு குறிக்கும் இடையே சரியாக 150 செ.மீ. இருந்தால் மூலை நேர்.

கேபினட்டைப் பக்கச் சுவரோடு ஒட்டி வைத்துவிட்டால் கதவு முழுதாகத் திறக்காது, கைப்பிடி சுவரில் இடிக்கும். நடுவில் சில செ.மீ. அகலத்துக்கு ஒரு நிரப்புப் பட்டை விட வேண்டும். உள்மூலையில் சந்திக்கும் இரண்டு டிராயர்களுக்கும் இதே சிக்கல்: ஒன்றின் கைப்பிடி மற்றொன்றை மறிக்கும். காகிதத்தில் கைப்பிடியை வரைய மாட்டார்கள் என்பதால் பொருத்தும் நாள் வரை இது தெரிய வராது.

உயரமான கேபினட்டில் இன்னொன்றையும் கவனியுங்கள். 240 செ.மீ. உயரமும் 60 செ.மீ. ஆழமும் உள்ள ஒரு பெட்டியைத் தரையில் படுக்க வைத்து இணைத்துவிட்டு நிமிர்த்தும்போது, அதன் மூலைவிட்டம் 247 செ.மீ.க்கு மேல் போகும். கூரை 245 செ.மீ. உயரத்தில் இருந்தால் பெட்டி நிமிராது. அப்படிப்பட்ட இடத்தில் கேபினட்டை மேலும் கீழுமாக இரண்டு பெட்டிகளாகச் செய்யச் சொல்ல வேண்டும். வாசல், மாடிப்படித் திருப்பம், லிஃப்ட் இவற்றின் அளவையும் கையோடு எடுத்து வையுங்கள்.

மேடை உயரம் 90 செ.மீ. என்பது பரவலாகப் பின்பற்றும் அளவு, ஆனால் எல்லோருக்கும் பொருந்தாது. சமைப்பவர் நிமிர்ந்து நின்று முழங்கையை மடக்கினால் அது எந்த உயரத்தில் வருகிறதோ, அதிலிருந்து 10 முதல் 15 செ.மீ. குறைத்தால் அவருக்கான மேடை உயரம் கிடைக்கும். கேபினட்டின் அடியில் கால் நுனி நுழைய 10 செ.மீ. உயரமும் 7 செ.மீ. ஆழமும் கொண்ட உள்வாங்கல் அவசியம். இடம் மிச்சமாகிறது என்று இதை அடைத்துவிட்டால், மேடையோடு ஒட்டி நிற்க முடியாமல் எப்போதும் முன்சாய்ந்தே வேலை செய்வோம்.

அடுப்பு, சிங்க், ஃபிரிட்ஜ் மூன்றையும் இணைக்கும் ‘வேலை முக்கோணம்’ பற்றிக் கேள்விப்பட்டிருப்பீர்கள். அமெரிக்காவின் இல்லினாய் பல்கலைக்கழகத்தில் 1940களில் உருவான கணக்கு இது: ஒவ்வொரு பக்கமும் 4 முதல் 9 அடி, மூன்றும் சேர்ந்து 13 முதல் 26 அடி. ஒருவர் மட்டும் சமைக்கும் அறைக்கு இன்றும் நல்ல வழிகாட்டிதான். ஆனால் இரண்டு பேர் சேர்ந்து வேலை செய்யும் வீட்டில் முக்கோணத்தைவிட நடைவழிதான் முக்கியம். ஒருவருக்கு 105 செ.மீ. போதும், இருவருக்கு 120 செ.மீ. வேண்டும். அடுப்பின் இரு பக்கமும் சூடான பாத்திரத்தை இறக்கி வைக்க மேடை இருக்கிறதா என்பதையும் பாருங்கள்.

கதவைப் பார்த்து கேபினட் வாங்குவது

ஷோரூமில் நாம் தொட்டுப் பார்ப்பது கதவை. எடையைத் தாங்குவதும், ஈரத்தைச் சந்திப்பதும் உள்ளே இருக்கும் பெட்டி. அது எதனால் ஆனது என்பதுதான் முதல் கேள்வியாக இருக்க வேண்டும். மரச் சில்லுகளைப் பசையோடு அழுத்திச் செய்யும் சாதாரண பார்ட்டிகிள் போர்டு தண்ணீர் பட்டால் உப்பிவிடும், காய்ந்தாலும் பழைய நிலைக்கு வராது, திருகு பிடிமானமும் போய்விடும். ஈரம் படாத இடத்தில் அது தவறில்லை. சிங்க் அடியில் மட்டும் தண்ணீர் தாங்கும் பசையால் ஒட்டிய பிளைவுட் போடுங்கள். மர இழைகளை அழுத்திச் செய்யும் எம்.டி.எஃப். பலகையில் மரவரி இல்லாததால் பெயின்ட் அடிக்கும் கதவுக்கு நன்றாக வரும், ஆனால் தண்ணீர் அதற்கும் ஆகாது.

எந்தப் பலகையானாலும் ஈரம் உள்ளே போவது பெரும்பாலும் வெட்டிய ஓரங்கள் வழியாகத்தான். அந்த ஓரங்களை மூடி ஒட்டும் பட்டையான எட்ஜ் பேண்டிங் கண்ணுக்குத் தெரியும் முன்பக்கத்தில் மட்டும் இருக்கிறதா, நான்கு பக்கமும் இருக்கிறதா என்று குனிந்து பாருங்கள். குழாய்க்காகப் போட்ட ஓட்டைகளின் ஓரத்தையும் பூசி அடைக்கச் சொல்லுங்கள்.

90 செ.மீ. அகலத்துக்கு நடுவில் தாங்கல் இல்லாமல் போட்ட 18 மி.மீ. பார்ட்டிகிள் போர்டு தட்டில் கனமான பாத்திரம் அடுக்கினால் நாளடைவில் தொய்ந்துவிடும். கீல் எண்ணிக்கையும் அப்படியே: சிறிய கதவுக்கு 2 போதும், 2 மீட்டர் உயரக் கதவுக்கு 4 வேண்டும். டிராயர் நகரும் தண்டவாளமான சேனல் எத்தனை கிலோ தாங்கும் என்று கேளுங்கள். சத்தமில்லாமல் மெதுவாக மூடுகிறது என்பது வசதிதான், ஆனால் அது எவ்வளவு எடை தாங்கும் என்பதற்கு விடை ஆகாது.

இரண்டு பேரிடம் விலை கேட்டு ஒப்பிடும்போது இந்த விவரங்கள் எல்லாம் எழுத்தில் இருக்க வேண்டும். இரண்டிலும் ‘18 மி.மீ. பிளைவுட்’ என்றே இருக்கும், பின்பலகையும் சேனலும் வேறாக இருக்கும். எதிர்பாராத செலவுக்கு 10 முதல் 20 சதவீதம் தனியாக வையுங்கள். பழைய ஓட்டைக் குழாயும் ஊறிய சுவரும் அலமாரியைக் கழற்றிய பிறகுதான் தெரியவரும்.

வரிசை மாறுவது

கேபினட் ஆர்டர் கொடுத்த பிறகு ஃபிரிட்ஜ், ஓவன் தேர்ந்தெடுப்பது தலைகீழ் வேலை. மாடலை முதலில் முடிவு செய்து, கம்பெனி தரும் பொருத்தும் அளவுகளை வடிவமைப்பாளரிடம் கொடுங்கள். சுவரை ஒட்டி நிற்கும் ஃபிரிட்ஜின் கதவு 90 டிகிரியோடு நின்றுவிட்டால், பல மாடல்களில் உள்ளே இருக்கும் டிராயரை வெளியே இழுக்க முடியாது. குழாய், வயரிங் வேலைகள் கேபினட்டுக்கு முன். கல் மேடைக்கு அளவெடுப்பது கீழ் கேபினட் பொருத்தி முடித்த பிறகு. வரைபடத்தை நம்பி முன்கூட்டியே கல்லை வெட்டிவிட்டால் பிறகு சரிசெய்ய வழியில்லை. மேல் கேபினட்டின் அடியில் விளக்கு வைப்பதென்றால் முன்விளிம்பை ஒட்டி வையுங்கள், அப்போதுதான் வெளிச்சம் மேடை முழுதும் விழும்.

புதிய கேபினட் வந்து சேரும் முன் பழையதைக் கழற்றவே கழற்றாதீர்கள். கடைசித் தவணைப் பணத்தைக் கொடுப்பதற்கு முன், எல்லா டிராயர்களிலும் பாத்திரங்களை நிரப்பி இழுத்துப் பாருங்கள். சிங்க் நிரம்பத் தண்ணீர் பிடித்து ஒரேயடியாகத் திறந்துவிட்டு, கீழே உலர்ந்த காகிதம் விரித்து ஒரு மணி நேரம் விடுங்கள். அப்புறம், மிச்சமான லேமினேட் துண்டுகளையும் கீல், சேனல் மாடல் எண்களையும் கேட்டு வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். சில வருடங்கள் கழித்து ஒரு கீல் மட்டும் மாற்ற வேண்டி வந்தால் அந்த எண்தான் கைகொடுக்கும்.