சின்னச் சண்டைக்கு ஆங்கிலத்தில் என்ன சொல்வது?

அகராதியைப் புரட்டினால் க்வாரல் என்றாலும் சண்டை, ஸ்க்வாபிள் என்றாலும் சண்டை, ஸ்கஃபிள் என்றாலும் சண்டை என்றே போட்டிருக்கும். அதை நம்பி எழுதினால் நாம் சொல்ல வந்தது ஒன்று, படிப்பவருக்குப் புரிவது வேறொன்று. உடன் வேலை செய்த இருவருக்குள் நடந்த வாக்குவாதத்தை ஒருமுறை மின்னஞ்சலில் ‘ஃபைட்’ என்று எழுதிவிட்டேன். யாருக்காவது அடிபட்டதா என்று மேலாளர் பதறிப்போய் கேட்டார். அவர்கள் கொஞ்சம் குரலை உயர்த்தியதோடு சரி. ‘ஆர்க்யுமென்ட்’ என்று எழுதியிருந்தால் அந்தப் பதற்றமே வந்திருக்காது.

இந்த வேறுபாடு நமக்கு ஒன்றும் புதிதல்ல. ஊடல், பிணக்கு, மனஸ்தாபம், வாக்குவாதம், தகராறு, தள்ளுமுள்ளு, கைகலப்பு, அடிதடி என்று தமிழில் எத்தனை இருக்கின்றன! கணவன் மனைவி ஊடலைக் கைகலப்பு என்று யாராவது சொல்வோமா? ஆகவே ஒவ்வொரு ஆங்கிலச் சொல்லையும் ‘சண்டை’ என்ற ஒரே முளையில் கட்டாமல், அதற்குப் பொருத்தமான தமிழ்ச் சொல்லோடு சேர்த்து மனதில் வையுங்கள். அதற்கான வழியைப் படிப்படியாகப் பார்ப்போம்.

படி 1: வாயா, கையா?

முதலில் இதைத்தான் கேட்டுக்கொள்ள வேண்டும். ஆர்க்யுமென்ட், க்வாரல், டிஃப் (tiff), ஸ்பாட் (spat), ஸ்க்வாபிள் எல்லாம் பெரும்பாலும் வாயோடு நிற்பவை. ஸ்கஃபிள், ப்ரால் இரண்டும் கை நீண்டபின் வருபவை. ‘ஃபைட்’ இரண்டுக்கும் பொது என்பதால்தான் அதில் சிக்கல். தம்பதியர் ‘வீ ஹேட் எ ஃபைட்’ என்றால் அநேகமாக வாய்ச்சண்டை. தெருவில் ஃபைட் என்றால் அடிதடி. சூழல் தெளிவாக இல்லாவிட்டால் அந்தச் சொல்லைத் தவிர்ப்பதே நல்லது.

‘ஆல்டர்கேஷன்’ என்பது சூடான தகராறு. போலீஸ் அறிக்கையிலும் செய்தியிலும் அடிக்கடி பார்க்கலாம். கை கலந்துவிட்டது என்று தெளிவாகச் சொல்ல ‘ஃபிசிக்கல் ஆல்டர்கேஷன்’ என்பார்கள். வீட்டுப் பேச்சுக்கு இது பொருந்தாது.

படி 2: யாருக்குள், எதற்காக?

கற்றுக்கொள்ள அதிகம் இருப்பது இங்கேதான். நிதானமாகப் பாருங்கள்.

டிஃப் என்பது நெருங்கியவர்களுக்குள் வரும் சின்னப் பிணக்கு. காதலர்கள், தம்பதியர், உயிர் நண்பர்கள். காரணம் அற்பமாக இருக்கும், சீக்கிரம் சரியாகிவிடும். ‘லவர்ஸ் டிஃப்’ என்ற தொடரே உண்டு; நம்முடைய ஊடலுக்கு மிக அருகில் வருவது அதுதான். ‘தே ஹேட் எ டிஃப் ஓவர் த ரிமோட்’ என்றால், ரிமோட்டுக்காகக் கொஞ்ச நேரம் முறைத்துக்கொண்டார்கள், அவ்வளவே.

ஸ்பாட்டும் அதே அளவுதான். ஆனால் பக்கத்து வீட்டுக்காரர்கள், நடிகர்கள், ஏன், இரண்டு நாடுகளுக்குள்ளும் அது வரலாம். வர்த்தகப் பூசலைச் செய்தித்தாள்கள் ‘ட்ரேட் ஸ்பாட்’ என்று எழுதுகின்றன. ‘துப்பினான்’ என்பதற்கும் ஆங்கிலத்தில் இதே எழுத்துகள்தான், எனவே வாக்கியத்தைப் பார்த்துப் பொருள் கொள்ளுங்கள்.

ஸ்க்வாபிள் என்ற சொல்லுக்குள் ஒரு தீர்ப்பு ஒளிந்திருக்கிறது: ‘இதுக்குப் போயா சண்டை!’ ஜன்னலோர இருக்கைக்காகப் பிள்ளைகள் மோதிக்கொள்வது ஸ்க்வாபிள். ஒருவர் மனம் நொந்து தன் பிரச்சினையைச் சொல்லும்போது அதை ஸ்க்வாபிள் என்றால் அவரை மட்டம் தட்டியது போலாகும். இந்த ஒரு சொல்லில் மட்டும் மிகவும் கவனமாக இருங்கள்.

பிக்கரிங் ஒருமுறை வெடித்து அடங்குவதல்ல. நொய் நொய் என்று ஓயாமல் நடப்பது. ‘ஸ்டாப் பிக்கரிங்!’ என்று பெற்றோர் பிள்ளைகளை அதட்டுவார்கள். இடைக்கால ஆங்கிலத்தில் பிக்கர் என்பது ஆயுதம் ஏந்திய மோதலைக் குறித்தது. இன்று அதில் ஆயுதம் வெறும் நாக்குதான்.

க்வாரல் இவற்றைவிடக் கனமானது. கோபம் இருக்கும், உறவில் கீறல் விழும். இதன் மூலச்சொல் ‘குறை சொல்லுதல்’ என்ற பொருளுள்ள லத்தீன் சொல். அந்தப் பழைய வாசனை இன்னும் போகவில்லை: ‘ஐ ஹேவ் நோ க்வாரல் வித் தட்’ என்றால் ‘அதில் எனக்கு ஆட்சேபணை இல்லை’ என்று பொருள். க்வாரல் முற்றிப் பேச்சுவார்த்தையே நின்றுபோனால் அது ‘ஃபாலிங் அவுட்’.

ஆர்க்யுமென்ட்டுக்கு வாக்குவாதம், வாதம் என்று இரண்டு பொருளும் உண்டு. ‘எ குட் ஆர்க்யுமென்ட்’ என்று ஒருவர் பாராட்டினால் உங்கள் வாதம் வலுவானது என்கிறார், பெரும்பாலும்.

பிரிட்டிஷ் ஆங்கிலத்தில் ஆர், ஓ, டபிள்யூ என்று மூன்றெழுத்தில் ஒரு சொல் உண்டு. ‘வரிசை’ என்ற பொருளில் அதை ‘ரோ’ என்போம். உரத்த சண்டை என்ற பொருளில் ‘கௌ’, ‘நௌ’ போல ‘ரௌ’ என்று சொல்ல வேண்டும்.

படி 3: கை கலந்தால்

ஸ்கஃபிள் நம்முடைய தள்ளுமுள்ளு. சட்டையைப் பிடிப்பார்கள், தள்ளுவார்கள், யாராவது விலக்கிவிட்டதும் முடிந்துவிடும். பலர் சேர்ந்து பொது இடத்தில் கூச்சலோடு அடித்துக்கொண்டால் ப்ரால். ஸ்கர்மிஷ் என்பது பெரும்போருக்கு வெளியே சிறு படைப்பிரிவுகள் மோதிக்கொள்வது. அரசியல்வாதிகளின் சின்னச் சொற்போருக்கும் இப்போது வருகிறது. அமளிக்கு ‘ஃப்ராக்கா’ என்று பிரிட்டனிலும் ‘ஃப்ரேக்கஸ்’ என்று அமெரிக்காவிலும் சொல்வார்கள், எழுத்து ஒன்றே.

படி 4: அக்கம்பக்கத்துச் சொற்கள்

சொல் சரியாக இருந்தும் வாக்கியம் தடுமாறுவது இங்கேதான். ‘சண்டை போட்டான்’ என்று நினைத்துக்கொண்டே ‘ஹீ புட் எ ஃபைட்’ என்று எழுதிவிடுகிறோம். அது தவறு. ‘ஹீ ஹேட் எ ஃபைட்’ அல்லது ‘ஹீ காட் இன்டு எ ஃபைட்’ என்பதே சரி. ‘புட் அப் எ ஃபைட்’ என்று ஒன்று உண்டுதான், ஆனால் அதற்கு ‘விடாமல் எதிர்த்து நின்றான்’ என்று பொருள்.

யாரோடு என்பதற்கு ‘வித்’, எதற்காக என்பதற்கு ‘ஓவர்’ அல்லது ‘அபவுட்’. ‘ஷீ க்வாரல்ட் வித் ஹர் பிரதர் ஓவர் மனி’ என்ற ஒரு வாக்கியத்தை மனப்பாடம் செய்தால் மற்றவற்றுக்கும் அதுவே அச்சு. போரைப் பற்றி எழுதும்போது மட்டும் பார்த்து எழுதுங்கள். ‘ஃபாட் வித்’ என்பது எதிரியாக நின்றதையும் குறிக்கும், தோளோடு தோள் நின்றதையும் குறிக்கும். எதிராக என்றால் ‘ஃபாட் அகேன்ஸ்ட்’.

க்வாரல், ஸ்க்வாபிள், பிக்கர், ஸ்கஃபிள் ஆகியவற்றை அப்படியே வினையாகவும் பயன்படுத்தலாம். டிஃப், ஸ்பாட், ஆல்டர்கேஷன் மூன்றுக்கும் முன்னால் ‘ஹேட்’ போட்டுவிடுங்கள், தப்பு வராது.

படி 5: நீங்களே செய்து பாருங்கள்

மூன்று காட்சிகள். சொத்துப் பிரிவினையில் கோபித்துக்கொண்டு பேச்சை நிறுத்திய அண்ணன் தம்பி. வரிசையில் முந்தியதற்காக இருவர் தள்ளிக்கொள்கிறார்கள். பிறந்தநாளை மறந்த தோழனிடம் ஒரு மணி நேரம் பேசாமல் இருக்கிறாள் ஒருத்தி. விடையை நீங்கள் யோசித்தபின் பாருங்கள்: ஃபாலிங் அவுட், ஸ்கஃபிள், டிஃப்.

அப்புறம், சமாதானம் ஆகிவிட்டால் ‘தே மேட் அப்’ என்று எழுதுங்கள்.