காட்டுக்குள் போக அனுமதி: எல்லை மலைகளில் நாம் செய்கிற தவறுகள்

கம்பம், போடி பக்கம் நின்று பார்த்தால் மேற்கே தெரிவது ஒரே மலைதான். ஆனால் எந்தச் சரிவு யாருடையது என்பதில் நிறையச் சிக்கல் உண்டு. கொழுக்குமலை தேனி மாவட்டத்தில் இருக்கிறது; ஜீப் போகிற பாதையோ கேரளத்தின் சூரியநெல்லி வழியாக. பரம்பிக்குளம் பாலக்காடு மாவட்டம். அதற்குச் சாலை வழியாகப் போக நம் சேத்துமடையையும் டாப்சிலிப்பையும் தாண்ட வேண்டும். மங்கலதேவி கண்ணகி கோயிலுக்குப் பெரியாறு புலிகள் காப்பகத்துக்குள் ஏற வேண்டும்.

முதல் தவறு இங்கேதான் தொடங்குகிறது. ஒரு சோதனைச் சாவடியில் பணம் கட்டிச் சீட்டு வாங்கிவிட்டால் மலை முழுக்கச் சுற்றலாம் என்று நினைத்துக்கொள்கிறோம். பரம்பிக்குளம் போகிறவர் தமிழக வனத்துறைக்குச் சேத்துமடையில் கட்டணம் கட்டியிருப்பார். அது ஆனைமலை காப்பகத்தின் வழியாகப் போவதற்கு. அதற்கப்புறம் ஆனைப்பாடியில் கேரள வனத்துறையிடம் தனியாக அனுமதி வாங்க வேண்டும். உள்ளே தங்குவதற்கோ வண்டியில் சுற்றுவதற்கோ முன்பதிவு இல்லாமல் வந்து, "அங்கேயே கட்டிவிட்டோமே" என்று வாதாடுபவர்களைப் பார்த்தால் பாவமாக இருக்கும். குழந்தைகளை வைத்துக்கொண்டு அத்தனை தூரம் வந்திருப்பார்கள். கிளம்பும் முன் இரண்டு பக்கமும் விசாரித்திருந்தால் அந்த அலைச்சலே இல்லை.

சட்டம் இதில் தெளிவாக இருக்கிறது. 1972ஆம் ஆண்டு வன உயிரினப் பாதுகாப்புச் சட்டத்தின் 27ஆம் பிரிவு, சரணாலயத்துக்குள் யார் நுழையலாம் என்று சொல்கிறது. 28ஆம் பிரிவு, எந்தக் காரியத்துக்காக அனுமதி தரலாம் என்று சொல்கிறது: வன உயிர் ஆய்வு, புகைப்படம், அறிவியல் ஆராய்ச்சி, சுற்றுலா, அங்கே குடியிருப்பவர்களோடு முறையான கொடுக்கல் வாங்கல். அதாவது அனுமதி ஒரு காரியத்துக்கானது. சுற்றுலாச் சீட்டை வைத்துக்கொண்டு ட்ரோன் பறக்கவிடுவதும் விளம்பரப் படம் எடுப்பதும் அதில் அடங்காது. விதியை மீறினால் மூன்று ஆண்டு வரை சிறை, அல்லது ஒரு லட்சம் ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும். 2022 திருத்தத்துக்கு முன்பு அந்த அபராதம் 25 ஆயிரமாக இருந்தது.

ஆனால் தண்டனைக்குப் பயந்து சீட்டு வாங்குங்கள் என்று சொல்ல எனக்கு மனமில்லை. அனுமதிச் சீட்டை ஒரு நிமிடம் கையில் வைத்துப் படித்துப் பாருங்கள். எத்தனை பேர், எந்தப் பாதை, எந்தத் தேதி, எப்போது திரும்புவீர்கள், கூட வருவது யார் என்று இருக்கும். நமக்கு ஏதாவது ஆனால் எங்கே தேட வேண்டும் என்று இன்னொருவருக்குச் சொல்கிற தாள் அது.

குரங்கணியில் நடந்ததை இந்தப் பக்கத்தில் யாரும் மறக்க மாட்டார்கள். 2018 மார்ச் 11. கொழுக்குமலையிலிருந்து குரங்கணிக்கு இறங்கிக்கொண்டிருந்தவர்களைக் காட்டுத்தீ சூழ்ந்தது. 23 பேர் இறந்தார்கள். குரங்கணியிலிருந்து டாப் ஸ்டேஷன் போவதற்கான சீட்டை வைத்துக்கொண்டு வேறு பாதையில் போயிருக்கிறார்கள் என்பது அப்புறம் தெரியவந்தது. வந்தவர்களில் பலர் மலையேற்றத்துக்குப் புதியவர்கள். ஏற்பாடு செய்தவர்களை நம்பி வந்த பிள்ளைகள். மார்ச் மாதத்தில் அந்தச் சரிவில் புல் ஆளுயரத்துக்குக் காய்ந்து நிற்கும். காற்றும் சேர்ந்தால் தீ சரிவில் மேல்நோக்கி ஓடுகிற வேகத்துக்கு மனிதக் கால் ஈடுகொடுக்காது. மலைக்காரர்களுக்கு இது தெரியும். அதனால்தான் தீக்காலம் தொடங்கும் முன்பே தீ தாண்டாதபடி புல்லை அகற்றித் தீத்தடுப்புக் கோடு வெட்டுகிறார்கள், அந்த மாதங்களில் மலையேற்றப் பாதைகளை மூடுகிறார்கள். 2024இல் தமிழக அரசு 40 பாதைகளோடு இணையவழி மலையேற்றத் திட்டத்தைத் தொடங்கியது. அதிலும் தீக்காலத்துக்கு விடுமுறை உண்டு.

"பெர்மிஷன் எல்லாம் நாங்கள் பார்த்துக்கொள்கிறோம்" என்று ஏற்பாட்டாளர் சொன்னால் அப்படியே விட்டுவிடாதீர்கள். சீட்டின் நகலை வாட்ஸப்பில் அனுப்பச் சொல்லுங்கள். உங்கள் பெயர் அதில் இருக்கிறதா, நீங்கள் நடக்கப் போகிற பாதையின் பெயர் இருக்கிறதா என்று பாருங்கள். மீசைப்புலிமலைக்குப் போகலாம் வா என்று கூப்பிட்டால், கேரள வன மேம்பாட்டுக் கழகத்தில் பதிவு செய்தாயிற்றா என்று கேளுங்கள். இன்னொரு பக்கமாக ஏறிவிடலாம் என்று பதில் வந்தால் அந்தப் பயணமே வேண்டாம். கேட்கக் கூச்சப்படுகிறோம், அவ்வளவுதான் விஷயம்.

காலண்டரைப் பார்க்காமல் கிளம்புவது இன்னொன்று. இரவிகுளம் தேசியப் பூங்காவில் வரையாடுகள் குட்டி போடுகிற காலம் என்று வழக்கமாகப் பிப்ரவரி, மார்ச்சில் சுற்றுலாவை நிறுத்திவிடுவார்கள். அது தெரியாமல் போடிமெட்டு ஏறி மூணாறு வந்து ராஜமலையில் ஏமாந்து திரும்புகிறவர்கள் ஒவ்வோர் ஆண்டும் உண்டு. மழைக்காலத்தில் இடுக்கி மாவட்ட நிர்வாகம் ரெட் அலர்ட் அறிவித்தால் படகு முதல் மலையேற்றம் வரை எல்லாம் நிற்கும். முன்பதிவு செய்திருந்தாலும் சரி, அன்றைக்கு இல்லை என்றால் இல்லை.

கண்ணகி கோயிலுக்கு ஆண்டில் ஒரு நாள்தான், சித்ரா பௌர்ணமி. தேனி, இடுக்கி இரண்டு மாவட்டமும் சேர்ந்து ஏற்பாடு செய்கின்றன. குமுளியிலிருந்து ஜீப்பில் போகலாம். கூடலூர்ப் பக்கம் பளியன்குடியிலிருந்து நடந்து ஏறலாம். கோயில் நம் மனசுக்கு எவ்வளவு நெருக்கமோ, அது நிற்கிற இடம் அவ்வளவுக்கு யானைகளுக்கும் சொந்தம். பிளாஸ்டிக் பாட்டிலைச் சாவடியில் வாங்கி வைக்கும்போது பக்தியைத் தடுக்கிறார்கள் என்று சண்டை போடுவது நியாயமில்லை. குப்பை போடக் கூடாது என்பது சாவடிக்காரர் சொந்தமாகப் போட்ட விதி கிடையாது. சரணாலயத்தில் விலங்கைச் சீண்டக் கூடாது, குப்பை போடக் கூடாது என்று 27ஆம் பிரிவிலேயே எழுதியிருக்கிறது.

தேக்கடிப் படகில் ஏறினால் லைஃப் ஜாக்கெட்டின் வாரைக் கழற்றாதீர்கள். மான் தெரிகிறது, யானை தெரிகிறது என்று எழுந்து ஒரே பக்கமாகச் சாயாதீர்கள். 2009 செப்டம்பர் 30 அன்று அந்த ஏரியில் படகு கவிழ்ந்து 45 பேர் இறந்தார்கள். இன்றைக்குப் படகுக்காரர் "உட்காருங்க, உட்காருங்க" என்று தொண்டை வறளக் கத்துவதற்குக் காரணம் இருக்கிறது.

மலைச்சாலையில் வண்டியை நிறுத்திக் குரங்குக்கு பிஸ்கட் போடுவதைப் பற்றி எத்தனை தடவை சொன்னாலும் போதாது. சாலையோரம் தீனி கிடைக்கும் என்று பழகிய குரங்கு, அடுத்த வண்டியைப் பார்த்ததும் சாலைக்குக் குறுக்கே ஓடிவரும். நம் பிள்ளை சந்தோஷப்பட்டது அரை நிமிடம். அந்தக் குரங்கு டயரில் சிக்குவது நாம் போன பிறகு.

தவறு பார்க்க வருகிறவர்கள் பக்கம் மட்டும் இல்லை, நிர்வாகத்தின் பக்கமும் உண்டு. கூட்டம் வருகிறது, வருமானம் வருகிறது என்று ஒரே வாசலில் வண்டிகளைக் குவிக்க விடுவது முதல் கோளாறு. புலிகள் காப்பகத்தின் மையப் பகுதியில் 20 சதவீதத்துக்கு மேல் சுற்றுலாவுக்கு விடக் கூடாது என்று 2012இல் வந்த தேசிய வழிகாட்டு நெறிகள் சொல்கின்றன. அந்த அளவுக்குள்ளேயும் ஒரு நாளைக்கு எத்தனை பேர் என்ற கணக்கு நீர்நிலையை, பருவத்தை, விலங்குகளின் நடமாட்டத்தைப் பார்த்து மாற வேண்டும். விடுமுறைக் கூட்டத்தைப் பார்த்து மாறக் கூடாது.

இரண்டாவது கோளாறு, காட்டோரம் பிறந்து வளர்ந்தவர்களை வெளியாள் போல நடத்துவது. இதற்கு மாற்று வழி பெரியாறிலேயே இருக்கிறது. காட்டுக்குள் திருட்டுத்தனமாக வயனப்பட்டை (காட்டு இலவங்க வகை மரத்தின் பட்டை) உரித்துக்கொண்டிருந்தவர்களை 1990களின் பிற்பகுதியில் வனத்துறை கூப்பிட்டுப் பேசி, சூழல் மேம்பாட்டுக் குழுவாக்கியது. உரிக்கப் போன தடங்களிலேயே இன்று அவர்கள் காவல் சுற்றுகிறார்கள், பயணிகளைக் கூட்டிப் போகிறார்கள். பெண்கள் 'வசந்தசேனை' என்று கூலி வாங்காமல் ரோந்து போகிறார்கள். மன்னான், பளியர் குடிகளைச் சேர்ந்த வழிகாட்டிகள் மிதித்த புல்லைப் பார்த்தே எது எப்போது போனது என்று சொல்வார்கள். அட்டைக் கடிக்காகக் கொடுக்கிற கேன்வாஸ் உறையை முழங்கால் வரை இழுத்துக் கட்டச் சொன்னால், வெக்கையாக இருக்கிறது என்று கணுக்காலில் சுருட்டி விடுகிறவர்கள் நிறையப் பேர். பத்து நிமிடத்தில் ரத்தம் வழிந்தபடி அந்த வழிகாட்டியையே கூப்பிடுவார்கள். அவர் சொல்வதைக் கேளுங்கள். பேசாதே என்றால் பேசாதீர்கள், நில் என்றால் நில்லுங்கள். அவருக்குச் சேர வேண்டிய பணத்தில் பேரம் பேசாதீர்கள்.

கடைசியாக ஒன்று, பலரும் விட்டுவிடுவது. இறங்கி வந்ததும் பசி, பஸ்ஸுக்கு நேரம் என்று நேராகக் கிளம்பிவிடுகிறோம். போகும்போது கையெழுத்துப் போட்ட நோட்டில் திரும்பிவிட்டோம் என்றும் எழுத வேண்டும். எழுதாமல் போனால் சாவடியில் உங்கள் கணக்கு உள்ளேயே நிற்கும். இருட்டிய பிறகு டார்ச்சோடு இரண்டு வாச்சர்கள் உங்களைத் தேடி யானை நடமாடுகிற பாதையில் ஏறுவார்கள், நீங்கள் கம்பத்தில் பரோட்டா சாப்பிட்டுக்கொண்டிருப்பீர்கள். வேறு வழியாக இறங்கிவிட்டால் அங்கிருந்தே சாவடிக்கு ஒரு போன் போட்டுச் சொல்லுங்கள். அந்த எண்ணைக் காலையிலேயே வாங்கி வைத்துக்கொள்ளுங்கள், மேலே சிக்னல் கிடைக்காது.