ஒழுகும் வீட்டில் கற்றுக்கொண்டது

மூன்று வருடம் முன்பு கடன் வாங்கி வீடு கட்டினோம். முதல் ஐப்பசி மழையிலேயே மாடித் தளம் ஒழுகியது, கட்டிக்கொடுத்தவர் போனை எடுக்கவே இல்லை. ராத்திரி படுத்தால் அந்த ஈரத் திட்டுதான் கண்ணில் நிற்கும், ஞாயிறு ஆராதனையில் உட்கார்ந்திருந்தாலும் மனம் அடுத்தவர் வீட்டையே அளந்துகொண்டிருக்கும்.

அப்புறம் ஒருநாள் வேதாகமத்தில், பவுல் அப்போஸ்தலன் பிலிப்பியருக்கு எழுதின கடிதத்தின் 4-ஆம் அதிகாரத்தை மெதுவாக வாசித்தேன். "மனரம்மியமாயிருக்கக் கற்றுக்கொண்டேன்", அதாவது எந்த நிலையிலும் மனநிறைவோடு இருக்கக் கற்றுக்கொண்டேன் என்கிறார் பவுல். சின்ன வயதிலிருந்து மனப்பாடமான வசனம்தான், ஆனால் 'கற்றுக்கொண்டேன்' என்ற சொல் அன்றைக்குத்தான் உறைத்தது. அப்போஸ்தலனுக்கே அது பிறவிக் குணம் இல்லை, அதையும் அவர் காவலில் கட்டுண்டிருக்கும்போது எழுதுகிறார். பரீட்சைக்குப் போகும் பிள்ளைகளுக்கு நாம் சொல்லி அனுப்புகிற, கிறிஸ்துவினாலே எல்லாவற்றையும் செய்ய எனக்குப் பெலனுண்டு என்கிற 13-ஆம் வசனம்கூட, முன்வசனத்தோடு சேர்த்து வாசித்தால், பட்டினியையும் நிறைவையும் தாங்குவதைப் பற்றியதுதான்.

சரி, நானும் கற்கலாம் என்று ஆரம்பித்தேன். ராத்திரி ஜெபத்தில் முதலில் மறைக்காமல் புலம்புவேன், வேதாகமத்தின் சங்கீதங்களைப் பாடின சங்கீதக்காரரும் அப்படித்தானே செய்தார். பிறகு அன்று கிடைத்த மூன்று நன்மைகளைப் பெயர் சொல்லி நன்றி சொல்வேன். முதல் மாதம் வாய் மட்டும்தான் சொன்னது, மனம் வரவில்லை. மெல்ல மெல்லத்தான் வந்தது.

அதற்காகத் தளத்தை அப்படியே விட்டுவிடவில்லை. போன கோடையில் வேறு கொத்தனாரை வைத்துப் பூசினோம். ஒரு மூலை இன்னும் கசிகிறது. மழை வந்தால் அங்கே வாளியை வைத்துவிட்டுத் தூங்கிவிடுகிறேன்.