சேலத்திலிருந்து ஜெர்மனிக்கு: முதலில் ஒரு முகவரி, அப்புறம் நல்ல வீடு

செப்டம்பரில் ஜெர்மனிக்குக் கிளம்பும் பிள்ளைகளும் அவர்களுடைய அப்பா அம்மாக்களும் என்னிடம் கேட்பது பெரும்பாலும் இதைத்தான்: "இங்கே சேலத்தில் இருந்தபடியே வீட்டை முடித்துவிட்டுப் போகலாமா?" மியூனிக்கில் பல வருடம் வாடகைக்கு இருந்துவிட்டு ஊர் திரும்பியவன் என்ற முறையில் சொல்கிறேன், அப்படி முடிக்கப் பார்க்காதீர்கள். இரண்டு மூன்று மாதம் தங்க ஓர் இடம், அதுவும் முகவரிப் பதிவுக்கு ஒத்துக்கொள்ளும் இடமாகப் பார்த்து இங்கிருந்தே பிடியுங்கள். நிரந்தர வீட்டை அங்கே போய், நேரில் பார்த்து எடுங்கள்.

முகவரிப் பதிவை அங்கே 'அன்மெல்டுங்' என்பார்கள். குடியேறிய இரண்டு வாரத்துக்குள் நகர அலுவலகத்தில் உங்கள் முகவரியைப் பதிய வேண்டும் என்பது சட்டம். உங்கள் வரி எண் அந்த முகவரிக்குத்தான் தபாலில் வரும். அது இல்லாவிட்டால் சம்பளத்தில் அதிகப்படி வரி பிடிப்பார்கள். விசாவை அங்கே நீட்டிக்கவும் இந்தப் பதிவைக் கேட்பார்கள். பதிவதற்கு வீட்டுக்காரர் கையெழுத்திட்ட ஒரு தாள் வேண்டும். அதன் பெயர் நீளம்தான், ஆனாலும் மனப்பாடம் செய்துகொள்ளுங்கள்: 'வோனுங்ஸ்கேபர்பெஷ்டேட்டிகுங்'. ஹோட்டலிலும் விடுமுறை வாடகை அறைகளிலும் பெரும்பாலும் இந்தத் தாளைத் தரமாட்டார்கள். அதனால் தற்காலிக அறைக்கு எழுதும்போது முதல் செய்தியிலேயே "அன்மெல்டுங் செய்ய முடியுமா?" என்று கேட்டுவிடுங்கள். காசு வாங்கிக்கொண்டு முகவரி மட்டும் தருகிறேன் என்று சிலர் வருவார்கள். குடியிருக்காத இடத்தில் பதிவது குற்றம், அபராதம் 50,000 யூரோ வரை போகலாம்.

தற்காலிக இடத்துக்கு எங்கே தேடுவது? மாணவர் என்றால், அட்மிஷன் கடிதம் வந்த அன்றைக்கே அந்த ஊர் மாணவர் நல அமைப்பின் விடுதிக்கு விண்ணப்பியுங்கள். அக்டோபரில் குளிர்கால செமஸ்டர் தொடங்குவதால் எல்லோரும் ஒரே நேரத்தில் வந்து இறங்குவார்கள், காத்திருப்போர் வரிசை நீளம். பலர் சேர்ந்து இருக்கும் வீட்டில் ஓர் அறை எடுப்பதை 'வேகே' என்பார்கள். அதற்கு வேகே-கெசுக்ட் தளம். முழு வீட்டுக்கு இம்மோஸ்கவுட்24, இம்மோவெல்ட், கிளைன்அன்சைகன். விடுமுறைக்கோ வேறு ஊரில் பயிற்சிக்கோ போகும் மாணவர்கள் சில மாதங்களுக்குத் தங்கள் அறையைக் கைமாற்றிவிடுவது அங்கே சாதாரணம். அதற்கு வீட்டுக்காரர் சம்மதம் இருக்கிறதா என்று கேட்டுக்கொள்ளுங்கள். உங்கள் கல்லூரி சீனியர் ஒருவர் அந்த ஊரில் இருந்தால், கூச்சப்படாமல் எழுதுங்கள். அவரே போய் அறையைப் பார்த்துவிட்டு வீடியோ அழைப்பில் காட்டினால் பாதிக் கவலை தீர்ந்தது.

ஏமாற்று வேலை பற்றிக் கட்டாயம் சொல்ல வேண்டும், ஏனென்றால் போவது பெரும்பாலும் அப்பாவின் பணம். கதை எப்போதும் ஒன்றுதான். வீடு நகரின் நடுவில், படங்கள் பளிச்சென்று இருக்கும், வாடகை மற்றதில் பாதி. "நான் இப்போது வேறு நாட்டில் இருக்கிறேன், அட்வான்ஸ் அனுப்பினால் சாவியைக் கூரியரில் அனுப்புகிறேன்" என்பார். கூடவே அவருடைய பாஸ்போர்ட் நகலும் வரும். அதுவும் இன்னொருவரிடம் திருடியதாகத்தான் இருக்கும். நீங்களோ, உங்களுக்கு வேண்டிய ஒருவரோ உள்ளே போய்ப் பார்க்காத வீட்டுக்கு ஒரு யூரோகூட அனுப்பாதீர்கள். பார்ப்பதற்கு முன்பே உங்கள் பாஸ்போர்ட், பேங்க் ஸ்டேட்மென்ட் நகல்களையும் கொடுக்காதீர்கள்.

அஸ்தம்பட்டியிலோ ஃபேர்லேண்ட்ஸிலோ வீடு தேடினால் டூ லெட் போர்டு பார்த்தபடி ஒரு சுற்று வருவோம், மளிகைக் கடையில் விசாரிப்போம். வீட்டுக்கார அம்மா எந்த ஊர், யார் பிள்ளை, எங்கே வேலை என்று நான்கு கேள்வி கேட்டுப் பிடித்துப்போனால் சாயங்காலமே அட்வான்ஸ் வாங்கிக்கொள்வார். ஜெர்மனியில் அந்த நான்கு கேள்விக்கும் உங்கள் காகிதங்கள்தான் பதில் சொல்ல வேண்டும். ஒரே வீட்டுக்கு நிறையப் பேர் விண்ணப்பிப்பார்கள். யாருடைய கோப்பு முழுமையாக இருக்கிறதோ அவருக்கு வாய்ப்பு அதிகம். சம்பள ஒப்பந்தம் அல்லது அட்மிஷன் கடிதம், விசா நகல், மாணவர் என்றால் முடக்கக் கணக்கின் சான்று (செலவுக்குப் பணம் இருக்கிறது என்று விசாவுக்காகக் காட்ட முன்கூட்டியே போட்டு, மாதாமாதம் கொஞ்சமாக மட்டும் எடுக்கக்கூடிய 'பிளாக்டு அக்கவுண்ட்'; 2024 செப்டம்பரிலிருந்து ஒரு வருடத்துக்கு 11,904 யூரோ), உங்களைப் பற்றி அரைப் பக்கம் ஜெர்மனில். இவ்வளவையும் ஒரே பிடிஎஃப் ஆக்கி, வீட்டைப் பார்த்துப் பிடித்ததும் அன்றே கொடுங்கள். 'ஷூஃபா' என்ற கடன் வரலாற்றுச் சான்றும் கேட்பார்கள். புதிதாக வந்தவரிடம் வரலாறு எதுவும் இருக்காது. "இப்போதுதான் வந்திருக்கிறேன்" என்று நேராகச் சொல்லிவிட்டு, அதற்குப் பதில் வேலை ஒப்பந்தத்தையோ கணக்குச் சான்றையோ காட்டுங்கள். இங்கே இருக்கும் அப்பாவின் ஜாமீன் கையெழுத்தை அங்கே அநேகமாக யாரும் ஏற்கமாட்டார்கள்.

விளம்பரத்தைப் படிக்கத் தெரிந்தால் பாதி வேலை முடிந்த மாதிரி. வாடகை இரண்டு விதமாகப் போட்டிருக்கும். 'கால்ட்மீட்ட' வெறும் வீட்டு வாடகை. 'வார்ம்மீட்ட' என்றால் தண்ணீர், குப்பை, மாடிப்படி சுத்தம், பெரும்பாலும் ஹீட்டிங்கும் சேர்ந்தது. மின்சாரமும் இண்டர்நெட்டும் தனி. போதாததற்கு வீட்டுக்கு ஒன்றாக மாதம் சுமார் 18 யூரோ ஒலிபரப்புக் கட்டணம் வேறு, டிவி இல்லாவிட்டாலும் கட்ட வேண்டும். வார்ம்மீட்டயில் தண்ணீர், ஹீட்டிங் என்று மாதாமாதம் கட்டும் கூடுதல் செலவு ஒரு முன்பணம்தான். வருடக் கடைசிக் கணக்கில் கூடுதலாகச் செலவாகியிருந்தால் பில் வரும், அதற்கென்று கொஞ்சம் ஒதுக்கி வையுங்கள். 'இரண்டு அறை வீடு' என்றால் நம் ஊர் டூ பெட்ரூம் வீடு என்று நினைத்துவிடாதீர்கள். ஹாலையும் ஓர் அறையாக எண்ணுவார்கள், ஆக அது ஒரே படுக்கையறை வீடு. சமையலறை என்று எழுதியிருக்கும் இடத்தில் தண்ணீர்க் குழாயும் நான்கு சுவரும் மட்டும் இருக்கலாம். அடுப்பு, சிங்க், அலமாரி எல்லாம் குடிவருபவர் பொறுப்பு. விளம்பரத்தில் 'ஏபேகா' (EBK) என்று இருந்தால் சமையலறை பொருத்தியிருக்கிறது என்று அர்த்தம். முதல் வீட்டுக்கு அதையே தேடுங்கள்.

அட்வான்ஸ் விஷயத்தில் அங்கே சட்டம் குடியிருப்பவர் பக்கம். கால்ட்மீட்டயில் மூன்று மாதத்துக்கு மேல் கேட்கக் கூடாது. அதையும் மூன்று தவணையாகக் கட்டலாம், முதல் தவணை குடிபுகும்போது. வீட்டுக்காரர் அதைத் தன் பணத்தோடு கலக்காமல் தனியாகப் போட்டு வைக்க வேண்டும், வட்டியும் உங்களுக்குத்தான். காலி செய்த பிறகு திரும்பி வரச் சில மாதங்கள் ஆகலாம். புரோக்கரைப் பொறுத்தவரை, 2015 முதல் யார் அமர்த்தினாரோ அவரே கூலி கொடுக்க வேண்டும். வீட்டுக்காரர் வைத்த ஆளுக்கு நீங்கள் கொடுக்கத் தேவையில்லை.

ஒப்பந்தத்தில் ஒன்றை மட்டும் ஊன்றிப் படியுங்கள்: காலி செய்வது எப்படி. காலவரையறை இல்லாத ஒப்பந்தம் என்றால் மூன்று மாத நோட்டீஸ், காகிதத்தில், கையெழுத்தோடு. மின்னஞ்சல் செல்லாது. இத்தனை வருடம் காலி செய்ய மாட்டேன் என்ற பிரிவு சில ஒப்பந்தங்களில் இருக்கும். வேலை மாறக்கூடியவர்கள் அதில் கையெழுத்துப் போடாதீர்கள்.

சாவி வாங்கும் நாளில் வீட்டுக்காரரோடு அறை அறையாக நடந்து, கீறல், கறை, உடைசல் எல்லாவற்றையும் படம் எடுத்து, மீட்டர் எண்களையும் குறித்து, இருவரும் கையெழுத்திட்ட தாளாக வைத்துக்கொள்ளுங்கள். பிற்பாடு அட்வான்ஸைக் காப்பாற்றுவது அந்தத் தாள்தான். அன்றைக்கே தபால் பெட்டியிலும் காலிங் பெல்லிலும் உங்கள் பெயரை ஒட்டுங்கள். அங்கே அடுக்குமாடி வீடுகளுக்குப் பெரும்பாலும் கதவு எண் கிடையாது, தபால்காரர் பெயரைப் பார்த்துத்தான் போடுவார். நம் இனிஷியல் வழக்கம் அங்கே சிக்கலாகும். பாஸ்போர்ட்டில் குடும்பப் பெயராக அப்பா பெயர் இருந்தால் அலுவலகக் கடிதங்கள் அந்தப் பெயரில்தான் வரும். அதனால் பாஸ்போர்ட்டில் உள்ளபடி முழுப் பெயரை ஒட்டுங்கள். பெயர் இல்லாத பெட்டிக்கு வரி எண்ணும் வராது, பேங்க் கார்டும் வராது.

குளிர்காலத்தில் ஈரம் பெரிய விஷயம். மார்கழியில் ஏற்காட்டில் பனி மூடிக் கிடக்கும்போது பூட்டிய அறைச் சுவர் பூஞ்சை பிடிப்பதைப் பார்த்திருப்பீர்கள். அங்கே வீட்டுக்குள்ளேயே அது நடக்கும், ஏனென்றால் ஜன்னல்கள் காற்றுப் புகாமல் இறுக மூடும். நாம் இட்லி அவித்து, சாம்பார் கொதிக்கவிட்டு, துணியும் உள்ளேயே உலர்த்துவோம். வெளியே எவ்வளவு குளிராக இருந்தாலும் தினம் இரண்டு மூன்று தடவை ஜன்னலை முழுதாகத் திறந்து ஐந்து பத்து நிமிடம் விடுங்கள். சுவரில் பூஞ்சை வந்தால் செலவு உங்கள் தலையில் விழக்கூடும்.

மிக்ஸி கொண்டுபோகலாமா என்று அம்மாக்கள் கேட்பார்கள். கொண்டுபோகலாம். அங்கேயும் 230 வோல்ட், 50 ஹெர்ட்ஸ்தான், பிளக் அடாப்டர் மட்டும் வாங்கிக்கொள்ளுங்கள். இரவு பத்து முதல் காலை ஆறு வரையும் ஞாயிறு முழுவதும் சத்தம் போடக்கூடாத நேரம், ஆகவே ஞாயிற்றுக்கிழமைத் தோசைக்கு சனிக்கிழமை பகலிலேயே மாவு ஆட்டிவிடுங்கள்.