புதுச்சேரி வீட்டுக்கு மின்கணப்பு வாங்குமுன் கவனிக்க வேண்டியவை

புதுச்சேரியில் ஜனவரி மாத விடியற்காலையிலும் வெப்பநிலை பெரும்பாலும் 20 டிகிரி செல்சியஸை ஒட்டியே நிற்கிறது. அந்தக் குளிருக்கு ஒரு போர்வை போதும். ஆகவே, கடைகளில் எலெக்ட்ரிக் ஃபயர்பிளேஸ் என்று கேட்டால் காட்டப்படும் மின்கணப்பைக் கூடத்துச் சுவரில் பொருத்த நினைப்பவர்கள், தழல் ஆடும் காட்சிக்காகவே அதை வாங்குகிறோம் என்பதை முதலிலேயே ஒப்புக்கொண்டுவிட்டால் தேர்வு பாதி முடிந்துவிடும். இதில் கூச்சப்பட ஒன்றுமில்லை. வரவேற்பறையில் மீன்தொட்டி வைப்பவர் குழம்புக்காகவா வைக்கிறார்?

இந்தச் சாதனத்துக்குள் ஒன்றோடொன்று தொடர்பில்லாத இரண்டு வேலைகள் நடக்கின்றன. எல்இடி விளக்குகளின் ஒளியைச் சுழலும் தண்டில் உள்ள பளபளப்பான தகடுகள் சிதறடித்துத் திரையில் விழச் செய்வதால் சுடர் அசைவதுபோலத் தோன்றுகிறது. இதற்குச் சில பத்து வாட் மின்சாரமே செலவாகும். வெப்பத்தைத் தருவது தனியாக உள்ள ஒரு சூடேற்றும் கம்பிச்சுருளும் அதன் பின்னால் இருக்கும் மின்விசிறியும். 230 வோல்ட் மாடல்களில் இது வழக்கமாக 1000 வாட், 2000 வாட் என இரண்டு நிலைகளில் இயங்கும். முழு அளவில் சூடேற்றினால் மணிக்கு 2 யூனிட் வீதம், நாளுக்கு 2 மணி நேரத்துக்கு மாதம் 120 யூனிட் ஓடிவிடும். அதே நேரத்துக்கு 20 வாட் சுடரை மட்டும் எரியவிட்டால் மாதம் ஒன்றேகால் யூனிட்கூட ஆகாது. இரண்டு மாதத்துக்கு ஒருமுறை கணக்கெடுக்கப்படும் பக்கத்துத் தமிழ்நாட்டுக் கடலூர்ப் பகுதியில் 500 யூனிட்டைத் தாண்டினால் கட்டண விகிதமே ஏறிவிடும் என்பதையும் நினைவில் வைக்க வேண்டும். எனவே கடையில் கேட்க வேண்டிய முதல் கேள்வி, சூட்டை முழுவதுமாக நிறுத்திவிட்டுச் சுடரை மட்டும் எரியவிடத் தனிப் பொத்தான் உண்டா என்பதுதான். ரிமோட்டில் தவறுதலாகக் கைபட்டுச் சூடு கிளம்பாமல் பூட்டி வைக்கும் வசதியும் இருந்தால், சிறு குழந்தைகள் உள்ள வீட்டுக்கு அதையே தேர்ந்தெடுக்கலாம்.

ஊட்டியிலோ கொடைக்கானலிலோ உள்ள வீட்டுக்காக இங்கே வாங்கிச் செல்பவர்களுக்குக் கணக்கு வேறு. சாதாரண உயரக் கூரையுள்ள அறைக்குச் சதுர அடிக்கு 10 வாட் என்பது பொதுவான தோராயம். அதன்படி 2000 வாட் சாதனம் 200 சதுர அடி அறையைத்தான் தாங்கும். கூரை உயரமான பழைய பங்களாக்களில் சூடான காற்று மேலே ஏறிவிடும் என்பதால் அதுவும் போதாது.

சுடரின் தரத்தைப் படத்தைப் பார்த்து முடிவு செய்யக் கூடாது. கடையில் விளக்கணைத்த மூலையில் எல்லாச் சுடரும் அழகாகத்தான் தெரியும். நம் வீட்டுக் கூடத்திலோ மாலையில் குழல்விளக்கு எரியும், தெருப் பக்கச் சன்னல் திறந்திருக்கும். ஆகவே கடையின் விளக்குகளைப் போடச் சொல்லி, நேரே நின்றும் பக்கவாட்டில் நின்றும் பார்க்க வேண்டும். மலிவானவற்றில் ஒரே அசைவு சில நொடிகளுக்கு ஒருமுறை திரும்பத் திரும்ப வருவது கண்ணுக்குத் தெரிந்துவிடும், தெரிந்த பிறகு அதை மறக்கவும் முடியாது. தண்டைச் சுழற்றும் சிறு மோட்டாரின் சத்தத்தையும் அப்போதே கேட்டுவிடுவது நல்லது.

நீரை நுண்ணிய மூடுபனியாக்கி அதன்மீது ஒளி பாய்ச்சும் வகையும் உண்டு. புகை எழுவதைப் போன்ற அந்தக் காட்சி மற்றெல்லாவற்றையும்விட உண்மையாகத் தெரியும் என்பதை மறுப்பதற்கில்லை. ஆனாலும் நம் கடற்கரை ஊர்களுக்கு அதை நான் பரிந்துரைக்க மாட்டேன். ஏற்கெனவே புழுக்கமான அறைக்குள் அது மேலும் ஈரத்தைச் சேர்க்கும். போர் தண்ணீரை ஊற்றினால் அதிலுள்ள உப்பு, நீரை அதிரவைக்கும் சிறு தகட்டின்மேல் வெள்ளையாகப் படிந்து விரைவில் வேலையை நிறுத்திவிடும். பிடிவாதமாக அதுதான் வேண்டுமென்றால் உப்பு நீக்கிய நீரை மட்டுமே ஊற்ற வேண்டும், தொட்டியில் நீரைத் தேங்கவிடவும் கூடாது.

பொருத்தும் இடத்தைத் தீர்மானித்த பிறகே அளவைத் தீர்மானிக்க வேண்டும். சுவருக்குள் புதைக்கும் வகைக்கு ஏறத்தாழ அரையடி ஆழம் தேவைப்படுவதால், நாலரை அங்குலத் தடுப்புச் சுவரில் அதற்கு வழியே இல்லை. பிரெஞ்சுக் காலத்துப் பழைய வீடுகளின் சுவர்கள் கனமானவைதான். ஆயினும் சுண்ணாம்புக் காரையில் கட்டிய பாரம் தாங்கும் சுவரைக் குடைவது தவறு, ஓதம் ஏறும் சுவரில் மின்சாதனத்தைப் புதைப்பது அதைவிடப் பெரிய தவறு. சுவருக்கு முன்னால் ஜிப்சம் போர்டில் ஒரு கூடு கட்டி, பின்புறம் காற்றோட்டத்துக்கு இடம்விட்டு அதில் பொருத்துவதே பாதுகாப்பானது. மேலே தொலைக்காட்சியை மாட்டும் எண்ணம் இருந்தால், சூடான காற்று மேற்புறமாக வெளியேறாமல் முன்புறமாக வெளியேறும் மாடலாகப் பார்க்க வேண்டும். சூட்டைப் பயன்படுத்தும் வீட்டில் திரைச்சீலை, சோபா போன்றவற்றை முன்புறம் ஒரு மீட்டராவது தள்ளி வைக்க வேண்டும்.

தரையில் வைக்கும் அடுப்பு வடிவ மாடல்கள் பார்க்க அழகானவை. ஆனால் 2024 நவம்பர் 30 அன்று ஃபெஞ்சல் புயல் கரை கடந்தபோது ரெயின்போ நகர் போன்ற தாழ்வான பகுதிகளில் தண்ணீர் புகுந்ததைப் பார்த்தவர்கள், சாதனத்தையும் அதன் பிளக் பாயின்டையும் சுவரில் உயரமாகவே வைத்துக்கொள்வார்கள்.

2000 வாட் சாதனம் ஏறத்தாழ 9 ஆம்பியர் மின்சாரத்தை இழுக்கும். அதற்கு 16 ஆம்பியர் பாயின்ட், 2.5 சதுர மில்லிமீட்டர் செம்பு வயர், நல்ல எர்த் இணைப்பு, மின்கசிவு ஏற்பட்டதும் மின்சாரத்தைத் துண்டிக்கும் 30 மில்லி ஆம்பியர் ஆர்சிசிபி ஆகியவை வேண்டும். எக்ஸ்டென்ஷன் பெட்டியில் செருகவே கூடாது. அந்தப் பாயின்ட் இன்வெர்ட்டர் லைனில் இருந்தால், மின்வெட்டின்போது யாராவது சூட்டைப் போட்டதும் வீட்டு இன்வெர்ட்டர் பாரம் தாங்காமல் நின்றுவிடும்.

பிரான்சில் உறவினர் இருக்கும் குடும்பங்கள் இங்கே ஏராளம். அங்கிருந்து வரும் சாதனம் 230 வோல்ட், 50 ஹெர்ட்ஸ் என்பதால் நம் மின்சாரத்தில் இயங்கிவிடும். சிக்கல் பிளக்கில் இருக்கிறது. பிரெஞ்சுப் பிளக்கில் எர்த்துக்கு முனை கிடையாது, துளைதான் உண்டு. அங்குள்ள சாக்கெட்டில் நீண்டிருக்கும் முனை அந்தத் துளைக்குள் நுழைந்துதான் எர்த் கிடைக்கிறது. அதை நம் சாக்கெட்டில் செருகினால் விளக்கு எரியும், விசிறி சுற்றும், எர்த் மட்டும் இருக்காது. எலெக்ட்ரீஷியனை அழைத்து 16 ஆம்பியர் மும்முனைப் பிளக்காக மாற்றிய பிறகே பயன்படுத்த வேண்டும். அமெரிக்காவிலிருந்து வரும் 120 வோல்ட் மாடலை வேண்டாம் என்று சொல்லிவிடுவதே நல்லது.

உப்புக்காற்று மின்பலகையையும் இணைப்புகளையும் அரிப்பதால், கடற்கரையை ஒட்டிய தெருக்களில் வாரண்டியைவிட உதிரிபாகமே முக்கியம். எல்இடி பட்டையும் சுழல் மோட்டாரும் தனியாகக் கிடைக்குமா, பழுது பார்ப்பவர் வீட்டுக்கு வருவாரா அல்லது நாமே சென்னைக்குத் தூக்கிச் செல்ல வேண்டுமா என்பதைக் கேட்டு, பதிலை ரசீதிலேயே எழுதி வாங்கிக்கொள்ள வேண்டும். காற்றுத் துளைகளில் பல்லி நுழையாத அளவுக்கு நெருக்கமான வலை இருக்கிறதா என்று பின்புறத்தைத் திருப்பியும் பார்த்துவிடுங்கள். விற்பவர் சிரித்தால் சிரிக்கட்டும்.