தோட்டப்புற மாணவருக்கு நிறுவன நிர்வாகி வழிகாட்டியாக இருப்பது எப்படி?

மலேசியாவின் கெடா மாநிலத்திலுள்ள பீடோங் போன்ற தோட்டப் பட்டணத்தில் பிறந்து, இன்று கூலிம் உயர்தொழில்நுட்பப் பூங்காவிலோ பினாங்கிலோ நிர்வாகப் பொறுப்பில் இருக்கும் தமிழர்கள் பலர், படிக்கும் பிள்ளைகளுக்கு ஏதாவது செய்ய விரும்புகிறார்கள். பரிசளிப்பு விழாவில் பேசுவதும் நன்கொடை தருவதும் நல்லவைதாம். ஆனால், ஒரு பல்கலைக்கழக மாணவருக்கு ஓராண்டு முழுவதும் மாதந்தோறும் ஒரு மணி நேரம் ஒதுக்குவது அவற்றைவிடப் பெரிய உதவி என்பது என் உறுதியான கருத்து. தோட்டத்துப் பெற்றோருக்கு உழைப்பும் சிக்கனமும் நன்றாகத் தெரியும். ஓர் அலுவலகத்துக்குள் எப்படிப் பேச வேண்டும், யாரிடம் எதைக் கேட்கலாம் என்பதை மட்டும் அவர்களால் பிள்ளைக்குச் சொல்லித்தர இயலாது. அது உங்களால் முடியும்.

பல்கலைக்கழகத்தின் வழியாகவே தொடங்குங்கள். பீடோங்கை அடுத்த செமிலிங்கில் எய்ம்ஸ்ட் பல்கலைக்கழகம் இருக்கிறது. கெடாவின் வடகோடியில், சிந்தோக்கில், 1984இல் தோன்றிய உத்தாரா மலேசியப் பல்கலைக்கழகம் இருக்கிறது. எதுவானாலும், மாணவர் நலப் பிரிவுக்கு எழுதி, உங்கள் துறையையும் ஒதுக்கக்கூடிய நேரத்தையும் தெரிவித்துப் பெயரைப் பதிந்துகொள்வது இரு தரப்புக்கும் பாதுகாப்பு. ஒரு மாணவர், மிஞ்சினால் இருவர் போதும். அவர் படிக்கும் துறையிலேயே நீங்களும் இருக்க வேண்டுமென்பதில்லை.

விடுமுறையில் வீடு திரும்பும் மாணவரைப் பட்டணத்து உணவகத்தில், நாலு பேர் பார்க்கும் இடத்தில் சந்தியுங்கள். மாணவியாக இருந்தால், பெற்றோருக்குத் தெரிவித்த பிறகே சந்திப்பை வைத்துக்கொள்ளுங்கள். ஒருமுறை வீட்டுக்கே சென்று, அவர்கள் தரும் தேநீரைக் குடித்து, நீங்கள் வேலை வாங்கித் தரப்போவதில்லை, வேலை தேடும் முறையைத்தான் கற்றுத்தரப் போகிறீர்கள் என்பதை அம்மா அப்பா இருவரிடமும் தெளிவாகச் சொல்லிவிடுங்கள். இதைச் சொல்லாமல் விட்டால், பட்டமளிப்பு முடிந்த கையோடு, "சார், நம்ம பையனுக்கு உங்க கம்பெனியில எப்ப?" என்ற கேள்வி வரும், அவர்கள்மேல் குறையில்லை.

தொடக்கத்தில் மாணவர் எதைச் சொன்னாலும் "சரிங்க சார்" என்பார். புரிந்துவிட்டது என்று எண்ணிவிடாதீர்கள். பெரியவர்களிடம் எதிர்க்கேள்வி கேட்கக்கூடாது என்று வளர்த்த வளர்ப்பு அது. "என்ன ஆகப்போகிறாய்?" என்று மலைக்க வைக்காமல், "எந்தப் பாடம் சிரமமாக இருக்கிறது, தம்பி?", "குழுப் பணியில் யார் பேசினார்கள், நீ எதைச் செய்தாய்?" என்று சின்னதாகக் கேட்டு, பதில் வரும்வரை காத்திருங்கள். நாள் முழுவதும் பேசிப் பழகிய நிர்வாகிகளுக்கு இந்தக் காத்திருப்புதான் மிகவும் கடினமாக இருக்கும்.

தொழிற்பயிற்சிக்கு விண்ணப்பிக்கும் காலத்தில் உங்கள் உதவி மிகுதியாகத் தேவைப்படும். "எனக்கு அனுபவமே இல்லை சார்" என்பார்கள். அப்போது துருவிக் கேளுங்கள். கணக்கியல் படித்த ஒரு மாணவி, தோட்டத்து மாரியம்மன் கோயில் திருவிழாவில் ரசீதுப் புத்தகத்தோடு உட்கார்ந்து நன்கொடை எழுதுபவர். இரவில் வசூல் பணத்தை அடிக்கட்டைகளோடு ஒப்பிட்டு, பத்து வெள்ளி குறைந்தாலும் எந்த ரசீதில் தவறு என்று கண்டுபிடித்த பிறகே வீட்டுக்குப் போவார். அது அனுபவம் என்று அவருக்குத் தோன்றவே இல்லை. "திருவிழா வசூலை நாள்தோறும் ரசீதுகளோடு சரிபார்த்துக் கோயில் நிர்வாகத்திடம் கணக்கு ஒப்படைத்தேன்" என்று தன்விவரக் குறிப்பில் எழுதியதும், நேர்முகத் தேர்வில் தயங்காமல் பேச அவருக்கு ஒரு செய்தி கிடைத்தது. செம்பனைக் குலை நிறுக்கும் இடத்தில் பார்த்த விடுமுறை வேலை, தீபாவளி முறுக்குக்கு ஆர்டர் பிடித்தது, மூன்று மொழிகளில் பேச முடிவது எல்லாமே இப்படிப்பட்டவைதாம். ஆனால், வரிகளை அவரே எழுதட்டும். நேர்முகத் தேர்வில் அவற்றை விளக்க வேண்டியவர் அவர்தானே.

நிறுவனத்தின் அனுமதி பெற்று, ஒரு நாள் உங்கள் அலுவலகத்துக்கு அழைத்துச் செல்லுங்கள். காவலர் சாவடியில் அடையாள அட்டையைக் காட்டி உள்ளே நுழைவதே பலருக்குப் புதிது. இரகசியம் எதுவும் பேசப்படாத ஒரு கூட்டத்தில் உட்கார வையுங்கள். இளைய ஊழியர் ஒருவர் மேலாளரின் கருத்தை மரியாதையாக மறுத்துப் பேசுவதையும், மேலாளர் அதைக் குறித்துக்கொள்வதையும் நேரில் பார்த்துவிட்டால், "சரிங்க சார்" மெல்லக் குறையத் தொடங்கும்.

பணம் கொடுக்காதீர்கள், கடன்பட்டவர் உங்களிடம் மனம்விட்டுப் பேசமாட்டார். பி.டி.பி.டி.என். என்னும் அரசு உயர்கல்வி நிதிக் கழகத்தின் கல்விக் கடன் வாங்கியிருந்தால், முதல் வகுப்பில் தேறுவோர் திருப்பிச் செலுத்துவதிலிருந்து விலக்குக் கோர வழியுண்டு என்பதை முதல் ஆண்டிலேயே சொல்லி, நிபந்தனைகளை அவரையே படித்துவரச் செய்யுங்கள்.

பரிந்துரைக் கடிதம் கேட்டால், நீங்கள் நேரில் கண்டதை மட்டும் எழுதுங்கள். உங்கள் நிறுவனத்திலேயே அவர் வேலைக்கு விண்ணப்பித்தால், நீங்கள் அவருடைய வழிகாட்டி என்பதை மனிதவளப் பிரிவுக்கு முன்கூட்டியே தெரிவித்துவிட்டு, தேர்வுக் குழுவிலிருந்து விலகிக்கொள்ளுங்கள்.