மைக் வயரில் இரைச்சல் ஏறாமல் இருக்க

திருவிழா மேடையோ கச்சேரியோ, பாட்டு நின்றதும் ஸ்பீக்கரில் ‘ம்ம்ம்’ என்று ஒன்று மிஞ்சும். நம் வீட்டுக் கரண்டின் 50 ஹெர்ட்ஸ் துடிப்பு அது. பக்கத்தில் லைட் டிம்மர் இருந்தால் கூடவே ‘ஜ்ஜ்ர்’ என்று இன்னொன்று. மைக் கொடுப்பது சில மில்லிவோல்ட்தான். மிக்ஸர் அதை ஆயிரம் மடங்கு ஏற்றினால், வழியில் வயரில் ஒட்டிக்கொண்டதும் ஆயிரம் மடங்கு ஏறும்.

இதைத் தடுக்கத்தான் மூன்று பின் கேனான் ஜாக். 1 ஷீல்டு (வயர்களைச் சுற்றியுள்ள செம்புப் பின்னல்). 2 ஹாட், 3 கோல்டு (cold, தங்கம் இல்லை) இரண்டும் சிக்னல் வயர்கள். ‘3-ல் சிக்னல் தலைகீழாகப் போகிறது, அதனால்தான் இரைச்சல் அடிபடுகிறது’ என்று தொழிலில் உள்ளவர்களே சொல்வார்கள். பாதிதான் சரி. ஒரு சின்னக் கணக்கு போடலாம். 2-ல் +1, 3-ல் −1 என்று சிக்னல் கிளம்புகிறது. வழியில் இரண்டிலும் 5 இரைச்சல் ஏறினால், வந்து சேர்வது 6, 4. மிக்ஸர் ஒன்றிலிருந்து ஒன்றைக் கழிக்கும், மிச்சம் 2. இப்போது 3-ல் சிக்னலே இல்லை, 2-ல் மட்டும் 2 போகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். வந்து சேர்வது 7, 5. கழித்தால் அதே 2!

ஆக, தலைகீழ் சிக்னல் முக்கியமில்லை. இரண்டு வயரிலும் இரைச்சல் ஒரே அளவில் ஏற வேண்டும். அதற்கு, எர்த்தைப் பொறுத்து இரண்டு வயரின் இம்பிடென்ஸும் (ஏசி சிக்னலுக்கு உள்ள தடை) சமமாக இருக்க வேண்டும். இந்தச் சமநிலையைத்தான் ‘பேலன்ஸ்டு’ என்பார்கள். சில மிக்ஸர்களின் அவுட்டில் 3-ஆம் பின்னில் சிக்னல் இருக்காது. 2-ல் உள்ள அதே அளவு ரெசிஸ்டர் வழியாக எர்த்தில் கட்டியிருப்பார்கள். ஏமாற்று வேலை என்று நினைக்க வேண்டாம், அதுவும் முறையான பேலன்ஸ்டுதான்.

சரி, கேபிளுக்கு வருவோம். உள்ளே இரண்டு கோர் ஒன்றோடொன்று முறுக்கியிருக்க வேண்டும். செம்புப் பின்னல் ஷீல்டு 50 ஹெர்ட்ஸ் காந்தப் புலத்தை அவ்வளவாகத் தடுக்காது. முறுக்கு இருந்தால் இரண்டு கோரும் மாறி மாறி கரண்ட் வயருக்குப் பக்கத்தில் வரும், ஏறுவது சமமாகிவிடும். ஜாக் அடிக்கும்போது தேவைக்கு மேல் முறுக்கைப் பிரிக்காதீர்கள். தங்க முலாம் பின்னுக்குக் கூடுதல் காசு கேட்பார்கள். இந்த இரைச்சலுக்கும் தங்கத்துக்கும் சம்பந்தமில்லை.

சால்டர் முடிந்ததும் மல்டிமீட்டரைக் கன்டினியூட்டியில் வையுங்கள். 1-1, 2-2, 3-3 ‘பீப்’ வர வேண்டும், குறுக்கே எதிலும் வரக்கூடாது. ஜாக் பக்கம் கேபிளை ஆட்டிக்கொண்டே பாருங்கள். சிலர் 1-ஐயும் 3-ஐயும் உள்ளேயே சேர்த்துவிடுவார்கள். சத்தம் வரும், ஆனால் சமநிலை போய்விடும். கழிப்பதற்கு எதுவும் மிஞ்சாது.

லேப்டாப்பில்தான் வேடிக்கை. ஹெட்போன் முனையிலிருந்து ஸ்டீரியோ பி-38 ஜாக் (6.35 மி.மீ. தடித்த ஜாக்) போட்ட வயரை மிக்ஸரின் பேலன்ஸ்டு லைன் இன்புட்டில் குத்துவார்கள். தபேலா, வயலின் கேட்கும். பாடகர் குரல் மட்டும் காணாமல் போய், அதன் எக்கோ பேய் மாதிரி எங்கோ அலையும். இடது, வலது இரண்டிலும் சமமாக இருக்கும் குரலையும் மிக்ஸர் இரைச்சல் என்று நினைத்துக் கழித்துவிடுகிறது. இடதையும் வலதையும் மோனோ ஜாக்கில் பிரித்து இரண்டு சேனலுக்குக் கொடுங்கள். ஹம் (அந்த ‘ம்ம்ம்’) வந்தால் சார்ஜரைப் பிடுங்கிப் பாருங்கள். நின்றுவிட்டால், டிரான்ஸ்ஃபார்மர் உள்ள ஸ்டீரியோ டிஐ பாக்ஸ் (சிக்னலைப் பேலன்ஸ்டாக மாற்றிக் கொடுக்கும் சின்னப் பெட்டி) வேண்டும். கீபோர்டுக்கும் அதே வைத்தியம்தான்.

கரண்ட் வயரோடு மைக் வயரை நெடுக ஓட்டாதீர்கள். கடந்துதான் ஆக வேண்டும் என்றால் நேர் குறுக்காகக் கடக்கட்டும்.

இவ்வளவுக்கும் ஹம் போகவில்லையா? மிக்ஸரும் ஆம்ப்ளிஃபயரும் வேறு வேறு இடத்தில் கரண்ட் எடுக்கும்போது எர்த் லூப் உண்டாகும், அதாவது பவர் எர்த்தும் கேபிள் ஷீல்டும் சேர்ந்து ஒரு வளையமாகிவிடும். முதலில் இரண்டையும் ஒரே போர்டுக்குக் கொண்டுவாருங்கள். முடியாத தூரம் என்றால், அந்த லைன் கேபிளில் ஆம்ப்ளிஃபயர் முனையில் மட்டும் 1-ஆம் பின்னைக் கழற்றிவிடலாம். பவர் பிளக்கின் எர்த் பின்னை மட்டும் ஒருபோதும் வெட்டாதீர்கள். ஹம் நிற்கலாம், ஆனால் ஏதாவது பெட்டியில் லீக்கேஜ் வந்தால், மைக்கில் உதடு வைத்துப் பாடுகிறவருக்குத்தான் ஷாக்.

1-ஐக் கழற்றிய கேபிளின் இரண்டு முனையிலும் சிவப்பு டேப் சுற்றிவிடுங்கள். கண்டென்சர் மைக் வேலை செய்ய மிக்ஸர் அனுப்பும் 48 வோல்ட் ஃபேன்டம் கரண்ட் திரும்பி வருவது ஷீல்டு வழியாகத்தான். இருட்டில் யாராவது அந்தக் கேபிளை எடுத்துக் கண்டென்சர் மைக்கில் மாட்டினால் மைக் வேலையே செய்யாது.